வித்தியாசம் இல்லாத இரண்டு வீடுகள்

இந்தக் கதையைப் பதினாறு வருஷமாக நான் நம்பவில்லை. சொன்னவர் சொரிமுத்து அண்ணாச்சி. அவர் பொய் சொல்லமாட்டார். அதற்கு வேண்டிய மூளை அவருக்குக் கிடையாது என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்படியும் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருப்பது அந்த மனுஷனுக்குச் செய்கிற துரோகமோ என்று ஒருநாள் தோன்றும். நம்பிவிட்டால் என் புத்திக்குச் செய்கிற துரோகமாகிவிடுமே என்று மறுநாள் தோன்றும். நடந்ததாக அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

மேற்கு மலை அடிவாரத்தில் தவளைப்பொத்தை என்று ஓர் ஊர். ஆனி பிறந்தால் சாரல் தொடங்கும், ஆவணி வரை விடாது. சுவரில் சாய்ந்தால் முதுகு நனையும். உப்புச் சாடியில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர்தான் இருக்கும். தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு தூங்குகிற ஊர்.

அந்த ஊருக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது பந்தி. எந்த வீட்டு விசேஷமானாலும் எல்லா இலைக்கும் எல்லாம் ஒரே அளவு. அதைப் பார்த்துக்கொள்வது சொரிமுத்துவின் பொறுப்பு. ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருவர் இலையில் ஒரு வடை கூடுதலாக விழுந்துவிட்டது. சொரிமுத்து பந்தியை நிறுத்தினார். அந்த வடையை எண்பத்து மூன்று துண்டாக்கி எண்பத்து மூன்று இலையிலும் வைத்த பிறகுதான் சாம்பார் வாளி நகர்ந்தது. அதற்குள் மாப்பிள்ளை இலை முன்னாலேயே தூங்கிப்போனார். பிறகு ஊரே அவரை எழுப்பிப் பாராட்டியது, வடைத் துண்டு ஒன்றுகூடக் குறையவில்லை என்று.

சொரிமுத்துவுக்கு இருந்த ஒரே கவலை அவர் மனைவி வெள்ளத்தாய். சாரல் தொடங்கிய அன்றே அவளுக்கு இளைப்பு தொடங்கிவிடும். படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்துதான் தூங்க வேண்டும். சுவரில் சாயலாமென்றால் சுவர் ஈரம். அதனால் மூன்று மாதமும் புருஷனும் பெண்டாட்டியும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். ஆஸ்பத்திரி டாக்டர், "ஈரமில்லாத வீட்டில் இருந்தால் சரியாகிவிடும்" என்று சொன்னபோது சொரிமுத்து, "அது எந்த ஊர்ல இருக்கு டாக்டர்?" என்று கேட்டார்.

அது அவர் ஊருக்கே வந்தது.

வீடுகளில் ஈரம் ஏறாமலும் கரண்ட் அதிகம் செலவாகாமலும் கட்டுவது எப்படி என்று ஆராய்ச்சி செய்கிற சுகந்தி என்ற இஞ்சினியர், சித்திரை மாதம் ஆட்களோடு வந்து இறங்கினார். ஊர்க்கோடிப் புறம்போக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகள் எழும்பின. இடதுபக்கத்து வீடு ஆராய்ச்சி வீடு. உள்ளே காலியான பொள்ளல் கல், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் காற்று நிற்கிற இரட்டைக் கூரை. தரையின் ஈரம் சுவரில் ஏறாதபடி அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கறுப்புத் தாள். வலதுபக்கத்து வீடு எல்லாரும் கட்டுகிற மாதிரி சாதா வீடு, மேலே ஒற்றை சிமெண்டு ஷீட்டு. இரண்டிலும் தனித்தனிக் கரண்ட் மீட்டர். சுவரில் ஈரத்தைக் காட்டுகிற சின்ன மிஷின். எண் ஏறினால் ஈரம் கூடுதல், இறங்கினால் குறைவு. நடப்பதை எழுதிவைக்க வீட்டுக்கு ஒரு நோட்டு.

ஊர்த் தலைவர் பூலுடையாரைக் கேட்டு, ஆராய்ச்சி வீட்டில் சொரிமுத்துவையும் வெள்ளத்தாயையும் குடிவைத்தார் சுகந்தி. சாதா வீட்டில் வெள்ளத்தாயின் தம்பி பட்டமுத்து, அவன் பெண்டாட்டி செண்பகம், எட்டு மாதக் கைக்குழந்தை.

"சாரல் முடியறப்போ வருவேன்" என்றார் சுகந்தி. "ஆராய்ச்சி வீட்டுல ஈரம் குறைச்சல்னு தெரிஞ்சுட்டா, அந்த வீடு சொரிமுத்து ஐயாவுக்கே. ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்குங்க. இந்த வீட்டுல என்ன செய்றீங்களோ, அதையேதான் அந்த வீட்டுலயும் செய்யணும். ராத்திரி வீட்டுலதான் தங்கணும். ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் வரக் கூடாது. வந்தா ஆராய்ச்சி கெட்டுடும்."

பூலுடையார் யோசித்துவிட்டு, "பந்தி மாதிரியா மேடம்?" என்றார்.

"ஆமாங்க, அதே மாதிரிதான்."

அந்த அம்மாள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜீப் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் சொரிமுத்து தலைகளை எண்ணினார். இங்கே இரண்டு, அங்கே மூன்று. முதல் நாளே வித்தியாசம்.

"குழந்தையெல்லாம் கணக்கா அத்தான்?" என்றான் பட்டமுத்து.

"மூச்சு விடுதா இல்லையா?"

"விடுது."

"அப்ப கணக்குதான் மாப்ளே."

குழந்தையை மாலை வரை அங்கேயும் மாலைக்கு மேல் இங்கேயும் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அது பாயை நனைத்தால் அடுத்த வீட்டுப் பாயிலும் அதே அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சொரிமுத்து குனிந்து ஈரத்தைச் சாணால் அளந்து பார்த்து, "அரை டம்ளர். ஒரு சொட்டு கூடப்படாது" என்பார். வெள்ளத்தாய் ஊற்றுவாள். பிறகு இரண்டு பாயையும் ஒரே கொடியில் காயப்போடுவாள்.

வைகாசி வெயிலில் இன்னொரு சிக்கல் முளைத்தது. சாதா வீடு அடுப்பாகக் கொதித்தது. பட்டமுத்து காற்றாடியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு கிடந்தான். ஆராய்ச்சி வீடோ கிணற்றடி மாதிரி குளுகுளுவென்று இருந்தது. காற்றாடியே தேவையில்லை. கரண்ட் மீட்டர் அங்கே ஓடியது, இங்கே நின்றது.

சொரிமுத்து அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் காற்றாடியைப் போட்டார். முழு வேகத்தில். பிறகு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு அதன் கீழே உட்கார்ந்து நடுங்கினார்.

"எதுக்குங்க இந்தப் பாடு?" என்றாள் வெள்ளத்தாய்.

"ஆராய்ச்சின்னா சும்மாவா?" என்றார் பல்லைக் கடித்தபடி.

அடுத்தது இருமல். வெள்ளத்தாய் இருமினால் அடுத்த வீட்டிலும் ஒருவர் இரும வேண்டுமே. செண்பகம் ஒப்புக்கொண்டாள். சுவர் வழியே கேட்டுக் கேட்டு, எண்ணி எண்ணி இருமினாள். முதல் இரண்டு நாள் அவளுக்கு இருமலே வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. மூன்றாம் நாள் பிடிபட்டது. ஐந்தாம் நாள், எது நாத்தனார் இருமல் எது செண்பகம் இருமல் என்று பெற்ற தாய்க்கே தெரியாத அளவுக்குத் தேறிவிட்டாள்.

அப்போது பார்த்து வெள்ளத்தாயின் இருமல் நின்றுபோயிற்று.

ஆனி பிறந்து சாரல் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளியே மலையே தெரியாத மழை. ஆராய்ச்சி வீட்டில் மிஷின் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஒரு மத்தியானம் சொரிமுத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, வெள்ளத்தாய் பாயில் கையைக் காலை நீட்டி மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். மூச்சு வந்தது. சத்தமில்லாமல், இளைக்காமல், சும்மா வந்தது. அவர் கதவோரம் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் சாரல் காலத்தில் அவள் தூங்குகிற முகத்தை அவர் பார்த்ததில்லை. முதுகைத்தான் தெரியும்.

"மைனிக்கு இருமல் நின்னுட்டா?" என்று வாசலில் வந்து கேட்டாள் செண்பகம். "இப்பதான் எனக்குக் கைவந்துச்சு. அதுக்குள்ள நிறுத்தச் சொல்லுதீங்களே."

மறுநாள் சாதா வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது. ஷீட்டில் ஆணி அடித்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. ஏழு இடம். பட்டமுத்து ஏழு பாத்திரம் வைத்தான். மிஷின் எண்பத்தெட்டைக் காட்டியது.

பூலுடையார் வந்து இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் இருண்டது.

"என்னவே சொரிமுத்து, அங்க ஒழுகுது. இங்க ஒழுகல. வித்தியாசம் வந்துட்டுல்லா?"

சொரிமுத்து ஏழு பாத்திரத்தையும் எண்ணிப் பார்த்தார். அவர் வாழ்நாளில் எந்த இலையிலும் வித்தியாசம் வந்ததில்லை. அதே சமயம் உள்ளே வெள்ளத்தாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மேடத்துட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்வோம்" என்றார் கடைசியில்.

நியாயமான யோசனை. ஆனால் ஒரு வீட்டிலிருந்து போன் பண்ணினால் இன்னொரு வீட்டிலிருந்தும் பண்ண வேண்டும். அதுவும் ஒரே நேரத்தில். சொரிமுத்து இந்த வீட்டிலும் பட்டமுத்து அந்த வீட்டிலும் செல்போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் பூலுடையார் கையைத் தூக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். இருவரும் ஒன்றாக அழுத்தினார்கள். ஒருவருக்கு மணி அடித்தது, மற்றவருக்கு லைன் பிஸி என்றது. மணி அடித்தவர் உடனே வைத்துவிட்டார். மறுபடியும் ஒண்ணு, ரெண்டு, மூணு. மறுபடியும் ஒருவருக்கு பிஸி. மூன்று நாள் முயன்றார்கள்.

"பாவம், எந்நேரமும் யார்ட்டயோ பேசிக்கிட்டே இருக்காவ" என்றார் பூலுடையார். "வேல ஜாஸ்தி போல."

வேறு வழியில்லை. சொரிமுத்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறினார். கீழே வெள்ளத்தாய் எழுந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"நெசமாவே போடப் போறீங்களா?"

"உனக்காகத்தான் தாயி. ஆராய்ச்சி கெட்டுப்போனா வீடு கெடைக்காதுல்லா?"

"சரி. போடுங்க. என் தலமாட்டுல மட்டும் போடாதீங்க."

"அங்க செண்பகம் தலமாட்டுல ஒழுகுதே" என்று பக்கத்து வீட்டிலிருந்து பட்டமுத்து சொன்னான்.

வெள்ளத்தாய் பாயைச் சுருட்டினாள்.

கூரை இரட்டைக் கூரை. ஒரு சொட்டு உள்ளே விழ வேண்டுமென்றால் மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. ஏழு ஒழுக்குக்குப் பதினான்கு ஓட்டை. சொரிமுத்து வேர்த்து விறுவிறுத்து இறங்கியதும் பட்டமுத்து எண்ணிப் பார்த்தான்.

"அத்தான், இங்க பதினாலு ஓட்ட. எங்க வீட்டுல ஏழுதான் இருக்கு."

ஆகவே அங்கே இன்னும் ஏழு போட்டார்கள். இப்போது அங்கே பதினான்கு இடத்தில் ஒழுகியது, இங்கே ஏழு இடத்தில்தான் ஒழுகியது. ஆகவே இங்கே இன்னும் பதினான்கு. அப்படிப் போட்டதும் அங்கே பதினான்கு ஓட்டை குறைந்தது. வாரக் கடைசியில் பூலுடையார் உள்ளே நின்று பார்த்துவிட்டு, "கூரை எது, ஓட்டை எதுன்னு தெரியலையே வேய்" என்றார்.

இரண்டு மிஷினும் தொண்ணூற்று நான்கு காட்டின. நோட்டில் சொரிமுத்து திருத்தமாக எழுதினார்: வித்தியாசம் இல்லை.

வெள்ளத்தாய் மறுபடியும் உட்கார்ந்து தூங்கினாள். சொரிமுத்து மறுபடியும் முதுகைக் கொடுத்தார். அவளுடைய நெஞ்சு இழுக்கிற சத்தம் அவருடைய முதுகெலும்பு வழியாகவே ஏறி வந்தது. பக்கத்து வீட்டில் செண்பகம் பழைய உற்சாகத்தோடு இருமினாள்.

நான்காம் நாள் காலையில் வெள்ளத்தாய், மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாக, கேட்டாள்.

"ஒரு பந்தி. ஒரு இலையில மட்டும் பாயசம் விழல. நீங்க என்ன செய்வீங்க?"

"விழாத இலையில ஊத்துவேன்."

"மத்த இலையில உள்ளத வழிச்சு எடுக்கமாட்டீங்களே?"

"என்ன கேள்வி இது? சோத்துல கை வச்ச ஆள்ட்ட இருந்து பாயசத்தப் பிடுங்கவா?"

"அப்ப அங்க ஒழுகுதுன்னு இங்க ஏன் ஓட்ட போட்டீங்க? இங்க ஒழுகலைன்னு அங்க அடைக்க வேண்டியதானே?"

சொரிமுத்துவுக்குப் பொட்டில் அடித்தாற்போல இருந்தது. இடுப்பு வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் பூலுடையார் வீட்டுக்கு ஓடினார். ஊர் கூடியது. வெள்ளத்தாய் சொன்னதை மூன்று முறை சொல்லிக் கேட்டார்கள். நான்காம் முறை எல்லாருக்கும் விளங்கியது.

சுகந்தி மீதிச் சாமான்களையெல்லாம் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பூட்டி, சாவியைப் பூலுடையாரிடம் கொடுத்திருந்தார். சிமெண்டு மூட்டை ஈரம்பட்டுக் கல்லாகிவிடக் கூடாதே என்று, கொட்டகையையும் ஆராய்ச்சி வீட்டுச் சாமானிலேயே கட்டியிருந்தார்கள். பூட்டைத் திறந்தார்கள். ஊரே இறங்கி வேலை செய்தது. ஆராய்ச்சி வீட்டு ஓட்டைகள் அத்தனையும் அடைபட்டன. சாதா வீட்டுக்கும் இரட்டைக் கூரை ஏறியது, சுண்ணாம்புப் பூச்சு ஏறியது. இரண்டு மிஷினும் சொல்லிவைத்தாற்போல இறங்கின. வெள்ளத்தாய் பாயை விரித்து நீட்டிப் படுத்தாள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பட்டமுத்து வந்து தலையைச் சொறிந்தான். "அத்தான், அந்தக் கறுப்புத் தாள். உங்க சொவத்துக்குக் கீழ இருக்கு. எங்க சொவத்துக்குக் கீழ இல்ல."

அன்றைக்கு முழுக்க விவாதம் நடந்தது. எழும்பி நிற்கிற சுவருக்குக் கீழே தாளை எப்படி விரிப்பது?

"வீட்டக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா நான் விரிச்சிருவேன்" என்றான் பட்டமுத்து.

"எம்புட்டுத் தூக்கணும்?"

"தாளு கனத்துக்குத்தானே? ஒரு நூல் தூக்குனாப் போதும்."

ஒரு நூல்தானே என்று எல்லாரும் சம்மதித்தார்கள். கோயிலிலிருந்து சாமி சப்பரம் தூக்குகிற கம்புகள் வந்தன. நாற்பது பேர் சாதா வீட்டைச் சுற்றி நின்று கம்பைக் கொடுத்து நெம்பினார்கள். வீடு அசையவில்லை. "உள்ள யாரும் இல்லாம வெறுஞ் சப்பரம் எந்திரிக்குமாவே?" என்று ஒருவர் கேட்டார். அதுவும் சரிதான் என்று பூலுடையாரை உள்ளே நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தூக்கினார்கள். அப்போதும் அசையவில்லை. பிறகு நாற்பது பேரும், நாற்காலியும், பூலுடையாரும் ஆராய்ச்சி வீட்டுக்குப் போனார்கள். அதையும் தூக்கினார்கள். அதுவும் அசையவில்லை. சொரிமுத்து நோட்டில் எழுதினார்: இரண்டும் எழும்பவில்லை. வித்தியாசம் இல்லை.

தூக்க முடியாததைப் பிரிக்கலாம் என்று தீர்மானமாயிற்று. சாதா வீட்டை அஸ்திவாரம் வரைக்கும் இடித்துவிட்டு, தாளை விரித்து, மறுபடியும் கட்டிவிட வேண்டியது. இரண்டே நாளில் இடித்தார்கள். தேக்கு நிலை நல்ல நிலை, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று வாசல் நிலையையும் கதவையும் மட்டும் நிற்கவிட்டார்கள். தாளை அழகாக விரித்தார்கள். பட்டமுத்து அதை ஒருமுறை தடவிப் பார்த்தான்.

பிறகு நாற்பது பேரும் மெதுவாகத் திரும்பி இடதுபக்கத்து வீட்டைப் பார்த்தார்கள். சொரிமுத்துவும் பார்த்தார். அங்கே ஒரு வீடு முழுசாக நின்றது.

"அதுல தாளு ஏற்கெனவே இருக்கே" என்றார். 

"தாளு இருக்கு" என்றார் பூலுடையார். "ஆனா இடிச்சது இல்லையே."

சொரிமுத்து வீட்டுக்குள் போனார். வெள்ளத்தாய் படுத்திருந்தாள். கையில் கடப்பாரையோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். அவர் கண் கலங்கி நின்றார்.

"இடிக்கணுமா?"

"மேடம் பந்தின்னு சொல்லிட்டாவளே தாயி."

அவள் எழுந்தாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். தலையணையை எடுத்துக்கொண்டாள். "நீங்க இடிங்க. எனக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாம். நான் மூச்சு விடுதேன்." மழையில் நனைந்துகொண்டே போய்க் கொட்டகைக் கதவைத் திறந்து, சிமெண்டு மூட்டைகளை ஓரமாகத் தள்ளி, பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். செண்பகமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள்.

ஆராய்ச்சி வீட்டை அன்றே இடித்துவிட்டார்கள். அதிலும் கதவை மட்டும் விட்டார்கள். திரும்பக் கட்டலாமென்றால் மழை கலவையைக் கரைத்தது. சரி, மழை விடட்டும் என்றார்கள். ராத்திரி வீட்டில் தங்க வேண்டும் என்பது சுகந்தியின் உத்தரவு. ஆகவே சொரிமுத்து தன் கதவைத் திறந்து உள்ளே போய், தாழ் போட்டுக்கொண்டு, மழையில் குடை பிடித்து உட்கார்ந்தார். பத்தடி தள்ளிப் பட்டமுத்துவும் அவனுடைய கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு கம்பு நட்டு, அதில் இரண்டு மிஷினைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டும் தொண்ணூற்று ஒன்பது.

"அங்க என்ன மாப்ளே செய்யுத?" என்று அவ்வப்போது கேட்பார் சொரிமுத்து.

"நனையுதேன் அத்தான்."

"நானும்."

ஆவணியில் ஒரு காலை சுகந்தி வந்து ஜீப்பிலிருந்து இறங்கினார். இரண்டு கதவுகள் மட்டும் நிற்பதைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாத மனிதர்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார். கிட்டே போய்க் கதவைத் தட்டினார்.

"தாழ் போட்டிருக்கு மேடம், இருங்க" என்று சத்தம் கொடுத்து, எழுந்து வந்து கதவைத் திறந்தார் சொரிமுத்து. "வாங்க, வாங்க. தல இடிச்சிராம குனிஞ்சு வாங்க."

சுகந்தி குனிந்து உள்ளே போனார். அவரிடம் இரண்டு நோட்டையும் நீட்டினார் சொரிமுத்து. பூலுடையாரும் ஊராரும் சுற்றி நின்றார்கள். சுகந்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். காற்றாடி, இருமல், ஓட்டை, நாற்காலி. எல்லாப் பக்கத்திலும் கடைசி வரி ஒன்றுதான்.

"ஒரு வித்தியாசமும் இல்ல மேடம்" என்றார் சொரிமுத்து. இத்தனை நாள் நனைந்ததில் குரல் கட்டிப்போயிருந்தது. "வீடு கெடைக்கும்லா? அவளுக்குத்தான். அவ படுத்துத் தூங்கணும்."

"எந்த வீடு?" என்றார் சுகந்தி.

சொரிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கு இதுவரை தோன்றவில்லை.

அப்போது எங்கிருந்தோ குறட்டை கேட்டது. நிதானமான, ஆழமான, யாருக்கும் பயப்படாத குறட்டை. சுகந்தி அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போய்க் கொட்டகைக் கதவைத் தள்ளினார். பட்டப்பகலில் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே வெள்ளத்தாய் கையைக் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தையோடு செண்பகம். சுகந்தி ஒரு மூட்டையைத் தடவிப் பார்த்தார். பொடியாக, பொருபொருவென்று இருந்தது. கம்பில் தொங்கிய மிஷினை வாங்கித் துடைத்து உள்ளே வைத்துக் காத்திருந்தார். எண் இறங்கி இறங்கி ஐம்பத்து நான்கில் நின்றது.

"எத்தன நாளா இங்க இருக்காங்க?"

"முப்பத்தாறு நாளா."

"ஒருநாளாவது இளைப்பு?"

"இல்ல மேடம்" என்றாள் செண்பகம், கொஞ்சம் வருத்தத்தோடு. "எனக்கும் இரும வேலையே இல்லாமப் போச்சு."

சுகந்தி அந்த இடத்திலேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தார். பிறகு அழுதார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். "இதுதாங்க ஆராய்ச்சி வீடு. நீங்க யாரும் கைவைக்காத ஒரே கட்டடம் இதுதான். இதை இந்த அம்மாவுக்கே எழுதிக் கொடுக்கச் சொல்றேன்."

ஆராய்ச்சி வீடு என்ற வார்த்தையைக் கேட்டதும் வெளியே நின்ற பட்டமுத்துவின் கண் கடப்பாரை மேல் போயிற்று. பூலுடையார் தொண்டையைச் செருமினார். "அப்ப மேடம், இதுக்கு வித்தியாசமில்லாம இன்னொண்ணு..." என்று அவர் முடிப்பதற்குள் வெள்ளத்தாய் எழுந்து வந்து, சுகந்தியை உள்ளேயே வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள்.

கதை இவ்வளவுதான். போன ஆனி மாதம் நல்ல சாரலில் நான் தவளைப்பொத்தைக்கே போனேன். கொட்டகை இருக்கிறது, இப்போது வாசலில் கோலத்தோடு. உள்ளே வெள்ளத்தாய் மதினி நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சொரிமுத்து அண்ணாச்சி இரண்டு நோட்டையும் எடுத்துவந்து என் மடியில் வைத்தார். எல்லாப் பக்கத்தையும் படித்தேன். எல்லாம் நடந்ததுதான். காற்றாடி நடந்திருக்கிறது, ஓட்டை நடந்திருக்கிறது, பூலுடையாரின் நாற்காலி நடந்திருக்கிறது. இத்தனை வருஷம் இந்த மனுஷனைச் சந்தேகப்பட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் நோட்டை மூடியபோது, ஆரம்பத்திலிருந்தே எது என்னை உறுத்தியது என்று தெரிந்துபோயிற்று. கேட்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் தயங்கினேன். பெரிய மனுஷர், மனசு நோகக் கூடாது. கடைசியில் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டுவிட்டேன்:

"எல்லாம் சரி அண்ணாச்சி, அந்த ரெண்டு வீட்டு மேலயும் மழை ஒரே அளவாத்தான் பெஞ்சுதுன்னு யாரு அளந்து பாத்தா?"